புருவத்தை மூடிய கோடு

போன மாதம் மணிக்கட்டில் ஊசி போட்டுக்கொள்ளப் போயிருந்தேன். நர்ஸ் பஞ்சை ஸ்பிரிட்டில் நனைத்து எலும்பு மேட்டில் ஓர் இழுப்பு இழுத்தார். சில்லென்றது. அந்த வாசனை மூக்கில் ஏறியதுமே என் கை தானாகப் பின்னால் வந்துவிட்டது.

"இன்னும் குத்தவே இல்லீங்களே, அதுக்குள்ள இந்த இழுப்பு இழுக்கறீங்க" என்று சிரித்தார் நர்ஸ்.

நானும் சிரித்து வைத்தேன். ஸ்பிரிட் வாசனைக்குள் எனக்கு ஒரு கண்ணாடி இருக்கிறது, அந்தக் கண்ணாடியில் ஒருவருடைய முகம் ஒட்டிக்கொண்டிருக்கிறது என்று ஊசியும் கையுமாக நிற்கிறவரிடம் எப்படிச் சொல்வது?

வேலையை விட்டு ஆறு மாதம் ஆகிறது. ஐம்பத்து நாலு வயதில் யாரும் விடுவதில்லை. மணிக்கட்டு விட்டுவிட்டது, நானும் விட்டேன். முப்பது வருடம் ஒரே அசைவு. மவுஸை அழுத்து, இழு, விடு. அழுத்து, இழு, விடு. எங்கள் ஸ்டிக்கர், டிசைன் தொழில்காரர்கள் சங்கத்தில் இந்த வருடம் மலர் போடுகிறார்கள். கடைப் பிள்ளைகள் வீட்டுக்கே வந்து கேட்டார்கள். "அக்கா, கம்ப்யூட்டர்ல மொதமொதல்ல கோடு வரஞ்சவங்க நீங்க. அது எப்படி இருந்துச்சுன்னு எழுதுங்க. நாங்க போட்டோவக் குடுத்தா மெஷினே வரஞ்சு குடுத்துருது. எங்களுக்கு ஒண்ணும் தெரியாது."

எழுதலாம் என்றுதான் உட்கார்ந்தேன். மென்பொருளைப் பற்றித் தொடங்கினால் மூன்றாவது வரியிலேயே முருகேசன் வந்துவிடுகிறார். நான் உயிரோடு பார்க்காத மனிதர். அவரை விலக்கிவிட்டு எனக்கு எழுதத் தெரியவில்லை.

திருச்செங்கோட்டில், சங்ககிரி போகிற சாலையில், மாடிப்படிக்குக் கீழே இருந்தது எங்கள் கடை. ஆழ்துளைக் கிணறு போடுகிற ரிக் வண்டிக்காரர்கள், லாரி பாடி கட்டுகிறவர்கள், விசைத்தறிக்காரர்கள், இவர்கள்தான் வாடிக்கை. நான் வெண்ணந்தூரிலிருந்து கல்யாணமாகி வந்து, தட்டச்சு படித்திருக்கிறேன் என்பதற்காக வேலைக்குச் சேர்த்துக்கொள்ளப்பட்டவள். முதல் வருடம் முழுக்கக் கல்யாணப் பத்திரிகை. இரண்டாவது வருடம் ஒரு கட்டு பிளாப்பியில், கோட்டுப்படம் வரைகிற அந்த மென்பொருள் வந்தது. ஒன்றை உள்ளே தள்ளினால் அடுத்ததைக் கேட்கும், அதைத் தள்ளினால் அதற்கடுத்ததைக் கேட்கும். பாதியில் கரண்ட் போய், முதலிலிருந்து மறுபடியும் தள்ளினோம்.

எனக்கு அதைச் சொல்லிக் கொடுத்தவர் கடையில் எனக்கு மூத்தவரான அர்த்தனாரி அண்ணன். ஐ.டி.ஐ.யில் வரைபடம் படித்தவர். ரிக் மிஷின் உதிரிப் பாகங்களுக்கு மையில் படம் போட்டுக்கொண்டிருந்தார். ஒல்லி. வெள்ளைச் சட்டை, பையில் இரண்டு பேனா, இரண்டும் மூடி கழற்றாதவை. இன்னொருவர் மவுஸை அவர் தொட்டு நான் பார்த்ததில்லை. நாற்காலிக்குப் பின்னால் நிற்பார். எங்கே தப்போ அங்கே மானிட்டர் கண்ணாடியில் நகத்தால் இரண்டு தட்டு. டொக் டொக். அவ்வளவுதான் பேச்சு. என்ன தப்பு என்று நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும்.

முதல் நாள் என்னை ஒரு வட்டம் வரையச் சொன்னார். புதிதாய்க் கோலம் போடுகிறவள் மாதிரி நான் இருபது முப்பது புள்ளி வைத்து இழுத்து இழுத்து ஒரு கோணல் தோசையைக் கொண்டுவந்தேன்.

டொக் டொக்.

"எத்தன புள்ளி அம்மணி?"

"முப்பது இருக்குமுங்கண்ணா."

"ஏன், பட்டாணிக் கடையா வெக்கப் போற? வட்டத்துக்கு நாலு போதும். மேல ஒண்ணு, கீழ ஒண்ணு, ரெண்டு பக்கமும் ஒவ்வொண்ணு. மிச்சத்த அந்தக் கைப்புடி பாத்துக்கும்."

ஒவ்வொரு புள்ளியிலும் இரண்டு பக்கம் இரண்டு கம்பி நீட்டிக்கொண்டிருக்கும். அதைத்தான் அவர் கைப்பிடி என்பார். கம்பியை இழுத்தால் கோடு அந்தத் திசைக்கு வளையும். வெளிநாட்டில் கார் தகடு வளைக்கிறவர்கள் கண்டுபிடித்த கணக்காம். ஆளுக்கு ஆள் கைப்பழக்கத்தில் வளைத்த தகட்டை எல்லோரும் ஒரே மாதிரி வளைக்க வேண்டும் என்று ஓர் என்ஜினியர் உட்கார்ந்து போட்ட கணக்கு, பிறகு எழுத்தின் வளைவுக்கும் படத்தின் வளைவுக்கும் வந்து சேர்ந்தது. இதை அண்ணன் எங்கோ படித்துவிட்டு வந்து ஒரு மத்தியானம் சொன்னபோது, எதிரே லாரிப் பட்டறையில் ஒருவர் மர முட்டியால் முகப்புத் தகட்டைத் தட்டிக்கொண்டிருந்தார். "அங்க பாரு, அவனுது காதுல கேக்குது, நம்முளுது கேக்கலீங்கறதுதான் வித்தியாசம்" என்றார். அண்ணன் அன்று பேசியதுதான் அந்த வருடத்தின் நீளமான பேச்சு.

இன்றைய பிள்ளைகளுக்கு இதை நம்பக் கஷ்டமாக இருக்கும்: வரைகிறபோது நிறம் தெரியாது. கறுப்புக் கம்பிக்கூடாகத்தான் திரையில் படம் நிற்கும். ஓர் எலும்புக்கூட்டைத் தடவித் தடவி ஆளை நினைத்துக்கொள்வது மாதிரி. நிறத்தோடு பார்க்க வேண்டுமென்றால் கீபோர்டில் ஒரு சாவியை அழுத்திவிட்டுக் காத்திருக்க வேண்டும். மேலிருந்து கீழே பட்டை பட்டையாக வந்து விழும். நெற்றி வரும், கண் வரும், வாய் வருவதற்குள் டீ குடித்துவிட்டு வந்துவிடலாம். செய்த தப்பைப் பின்னோக்கி அழிக்கிற வசதியும் நாலைந்து படிதான். ஐந்தாவது படிக்கு முன்னால் நடந்தது நடந்ததுதான்.

ஆனால் அந்தக் கோட்டுக்கு ஒரு மாயம் இருந்தது. போட்டோவைப் பெரிதாக்கினால் சாதம் குழைந்த மாதிரி புள்ளியும் பொறியுமாகப் போய்விடும். கோட்டுப்படம் அப்படியில்லை. நகக்கண் அளவு வரைந்ததை மலையளவு இழுக்கலாம், ஓரம் கத்தி மாதிரி நிற்கும். ஸ்டிக்கர் வெட்டுகிற மிஷினுக்குக் கோடு மட்டும்தான் புரியும். கோடு போகிற வழியில் அதன் கத்தி போகும். அதனால்தான் ரிக் வண்டிக்காரர்கள் சாமி படம், சிங்கப் படம் எல்லாவற்றையும் கோடாக மாற்றித் தரச் சொல்லி எங்களிடம் வந்தார்கள். மேலே ஒரு தாளை வைத்து ஒற்றி எடுப்பதைப் போல, ஸ்கேன் செய்த படத்தைக் கீழே போட்டு, அதன்மேல் புள்ளி புள்ளியாக வைத்துக்கொண்டு போவோம். ட்ரேஸ் என்போம்.

அண்ணனுக்கு இதில் மூன்று சட்டம். ஒன்று, புள்ளி குறை. கத்தி ஒவ்வொரு புள்ளியிலும் தயங்கும், ஸ்டிக்கர் கிழியும். இரண்டு, கோட்டை மூடு. தொடங்கிய இடத்தில் கொண்டுவந்து முடிக்காத கோட்டுக்குள் நிறம் நிற்காது, ஓட்டைப் பானையில் ஊற்றியது மாதிரி வெறுமையாக இருக்கும். எங்கே சின்ன இடைவெளி கண்டாலும் முதல் வேலை அதை மூடுவது. மூன்று, ட்ரேஸ் முடிந்ததும் ஸ்கேனை அழி. எங்கள் ஹார்ட் டிஸ்க் ஒரு சுருக்குப்பை. பத்து ஸ்கேன் சேர்ந்தால் பெட்டி மூச்சு வாங்கும். கோட்டுப்படமோ இம்மியளவு இடம் பிடிக்கும். "சக்க எதுக்கு அம்மணி, சாறுதான் எடுத்தாச்சே" என்பார்.

மூன்றும் நல்ல சட்டங்கள். இப்போதும் அப்படித்தான் சொல்வேன்.

பூங்கொடி வந்தது ஆடி மாதம். காற்று மண்ணை வாரி ஷட்டரில் அடித்துக்கொண்டிருந்தது. என்னைவிட இரண்டு மூன்று வயது இளையவள். இடுப்பில் எட்டு மாதக் கைக்குழந்தை, பெண். மல்லசமுத்திரத்துப் பக்கம். கூட வந்தவர் எங்கள் பழைய வாடிக்கைக்காரர், ரிக் வண்டி முதலாளி. அவர்தான் விஷயத்தைச் சொன்னார். அவருடைய வண்டி டிரைவர் முருகேசன், வடக்கே எங்கோ போர்வெல் போடப் போன இடத்தில் துளைபோடும் இரும்பு ராடு சரிந்து விழுந்து இறந்துவிட்டார். அந்தத் தூரத்திலிருந்து உடம்பைக் கொண்டுவர வழியில்லை. அங்கேயே எரித்துவிட்டார்கள். பெண்சாதிக்கு வந்து சேர்ந்தது கைக்கடிகாரமும், ஒரு லுங்கியும், சட்டைப்பையில் மழையில் நனைந்திருந்த லைசென்ஸ் புத்தகமும்.

"மொதலாளின்னு இருந்தும் நா ஒண்ணும் பண்ண முடியல. வண்டி முகப்புல அவன் மொகத்த ஒட்டிரலாம்னு பசங்க சொல்றாங்க. புது வண்டிக்குப் பூச வருது. அப்படியே இந்தப் புள்ளைக்குப் பெருசா ஒண்ணு, கண்ணாடி போட்டு மாட்டற மாதிரி பண்ணிக் குடுத்துருங்க" என்றார் அவர்.

பூங்கொடி முந்தானை முடிச்சை அவிழ்த்து, ஒரு காகித மடிப்பைப் பிரித்து, பாஸ்போர்ட் அளவு போட்டோவை மேசைமேல் வைத்தாள். லைசென்சில் ஒட்டியிருந்ததைத் தண்ணீர் தொட்டுத் தொட்டு உரித்து எடுத்திருக்கிறாள். மூலையில் ரப்பர் ஸ்டாம்ப் மை. குறுக்கே மடிப்பு விழுந்து வெள்ளைக் கோடு ஓடியது.

"வேற போட்டோ இல்லீங்களா அம்மணி?" என்று கேட்டேன்.

"இல்லீங்கக்கா. நாங்களா கோயல்ல கட்டிக்கிட்டமுங்க. ரெண்டு ஊட்லயும் யாரும் வல்லீங்க. அவருக்கு போட்டோன்னாலே ஆகாதுங்க, 'என்ன நேர்ல பாத்தாப் பத்தாதா'ம்பாரு. கடசியா மொகத்தக்கூட நாம் பாக்கலீங்க." குழந்தையை இடுப்பு மாற்றிக்கொண்டாள். "இவளுக்குக் காட்டறதுக்கு இது ஒண்ணுதானுங்க."

போட்டோவை வாங்கியபோது விரலில் ஈரம் பட்டது. எனக்குத் தெரிந்தது. காய வைக்க வேண்டும் என்பதும் தெரியும். முதலாளி வாசலில் வண்டியை நிறுத்தாமல் உறுமவிட்டுக்கொண்டிருந்தார். பின்னால் இரண்டு பேர் காத்திருந்தார்கள். ஸ்கேனர் கண்ணாடிமேல் முகத்தைக் குப்புற வைத்தேன். மூடியை அமுக்கினேன். இடம் அடைக்கக் கூடாது என்று வெறும் கறுப்பு வெள்ளையில் ஓட்டினேன். உள்ளே விளக்கு நகர்ந்தது. அந்தக் கால விளக்கு, சூடு ஜாஸ்தி.

திரையில் படம் வந்துவிட்டது. மூடியைத் தூக்கிப் போட்டோவை எடுத்தேன். காகிதம் மட்டும் வந்தது.

முகம் கண்ணாடியிலேயே இருந்தது. தண்ணீரில் ஊறி நெகிழ்ந்திருந்த மேல்தோல் சூட்டில் கண்ணாடியோடு பற்றிக்கொண்டுவிட்டது. என் கையில் வெள்ளைத் தாள், அதில் இங்கொரு காது, அங்கொரு காலர். பூங்கொடி கத்தவில்லை. "அக்கா, அவரு அங்க இருக்காருங்க" என்று கண்ணாடியைக் காட்டினாள்.

அர்த்தனாரி அண்ணன் வந்து குனிந்து பார்த்தார். பிளேடு நுனியால் ஓர் ஓரத்தை நெம்பினார். பொடிந்தது. இன்னோர் ஓரம். அதுவும் பொடிந்தது. பிறகு திரையைப் பார்த்தார், ஸ்கேன் வந்திருந்தது. அலமாரியிலிருந்து ஸ்பிரிட் பாட்டிலை எடுத்து, பஞ்சில் நனைத்து, மேலிருந்து கீழே, ஒரே சீராக, கண்ணாடியைத் துடைத்தார். எப்போதும் துடைப்பது போலத்தான் துடைத்தார். வேறெப்படித் துடைப்பது? வாசனை கடை முழுக்கப் பரவியது. குழந்தை தும்மியது.

"பயப்படாதம்மா. மிஷின் எடுத்துருச்சு. உள்ள பத்தரமா இருக்குது" என்றார் அவளிடம். அது அப்போது உண்மைதான்.

அன்று மத்தியானமே உட்கார்ந்தேன். குற்ற உணர்ச்சி ஒருவரை எவ்வளவு நல்ல வேலைக்காரியாக்கும் என்பதை அன்று பார்த்தேன். முகவாய்க்கு நாலு புள்ளி. மீசைக்கு ஆறு. நெற்றியில் முடி விழுந்த கொத்துக்கு ஒன்பது. குறுக்கே ஓடிய மடிப்புக்கோடு நெற்றியையும் இடப்புருவத்தையும் மூக்குத் தண்டையும் வெட்டிக்கொண்டு போயிருந்தது. ஒவ்வொரு வெட்டாக மூடினேன். நெற்றியை மூடினேன். மூக்கை மூடினேன். இடப்புருவத்தின் வால் பக்கம் இடைவெளி கொஞ்சம் அகலம். மடிப்பில் அங்கே மேல்தோல் உரிந்துவிட்டது போலிருக்கிறது என்று நினைத்தேன். இரண்டு பக்கப் புள்ளிகளையும் பிடித்து, இணைத்து, கம்பியை இழுத்துவிட்டேன். புருவம் முழுதாக வந்தது. வலப்புருவத்துக்குச் சரியான ஜோடி.

சாவியை அழுத்தினேன். பட்டை பட்டையாக வந்தது. ஒரு சாவுக்கும் சம்பந்தமில்லாத, துடைத்து வைத்த, அழகான முகம். பின்னால் அண்ணன் நின்றிருந்தார். நகம் தட்டவில்லை. எனக்கு அது விருது மாதிரி. முருகேசன் பெயரிலேயே சேமித்தேன். ஸ்கேனை அழித்தேன்.

முதலாளி மறுநாளே வந்து வண்டிக்கான ஸ்டிக்கரை வெட்டி வாங்கிக்கொண்டு போனார். "அவனேதான்" என்றார். மூன்றாம் நாள் பூங்கொடி வந்தாள். பெரிய தாளில் அச்செடுத்து வைத்திருந்தேன். விரித்துக் காட்டினேன். பார்த்தாள். குழந்தையின் முகத்தைத் தாள் பக்கம் திருப்பப் போனவள் பாதியில் நிறுத்திக்கொண்டாள்.

"இவரு யாருங்கக்கா?"

"என்ன அம்மணி இப்படிக் கேக்கறீங்க?"

"கோவிச்சுக்காதீங்க. நல்லாத்தான் இருக்குதுங்க. ஆனா இவரு அவரில்லீங்க."

"எங்க வித்தியாசம்னு சொல்லுங்க, மாத்திரலாம். மூக்கா? வாயா?"

"தெரீலீங்க. என்னமோ இல்லீங்க." தயங்கினாள். "அன்னிக்கு மிஷின் எடுத்ததாச் சொன்னாங்களே, அதக் காட்டுங்க. பாத்தாச் சொல்லிருவேன்."

அண்ணன் என்னைப் பார்த்தார். நான் அண்ணனைப் பார்த்தேன். எதிரே பட்டறையில் முட்டி அடிக்கிற சத்தம் நின்றிருந்தது, சாப்பாட்டு நேரம். "மிஷின் எடுத்ததுதான் இது" என்றேன். முப்பது வருடத் தொழிலில் நான் வாடிக்கையாளரிடம் பொய் சொன்னதே இல்லை என்று யாராவது இந்த மலரில் எழுதியிருந்தால் நம்பாதீர்கள்.

அவளைப் பக்கத்தில் நாற்காலி போட்டு உட்கார வைத்தேன். மூக்கைக் கொஞ்சம் நீட்டினேன்.

"இப்படியா?"

"இல்லீங்க... முன்ன இருந்ததே தேவலைங்க."

உதட்டைத் தடிமனாக்கினேன். கன்னத்தை ஒட்டவிட்டேன். ஒவ்வொரு தடவையும் சாவி, ஒவ்வொரு தடவையும் காத்திருப்பு. பட்டை பட்டையாக அவள் புருஷன் இறங்கி வருவதை அவள் மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். வாய்க்கு வருவதற்குள் தெரிந்துவிடும் அவளுக்கு. தலையை ஆட்டுவாள்.

அன்று முடியவில்லை. மறுநாள் வந்தாள். ஒரு நாள் விட்டு மறுபடியும் வந்தாள். மல்லசமுத்திரத்திலிருந்து பஸ்ஸில், கைக்குழந்தையோடு. குழந்தை மேசைக்கடியில் அட்டைப் பெட்டியில் தூங்கும். நடுவில் ஒரு நாள், எந்தப் புள்ளியை எப்படி நகர்த்தியபோதோ, "அக்கா, அக்கா, நிறுத்துங்க" என்று என் தோளைப் பிடித்தாள். "இப்பப் போச்சு பாருங்க, அதுக்கு முன்னால இருந்துச்சே, அது! அதுல அவரு சிரிக்கப் போறாப்புல இருந்துச்சுங்க."

பின்னோக்கி அழித்தேன். ஒரு படி. இரண்டு. மூன்று. நான்கு. அதற்குமேல் போகவில்லை. அவள் சொன்னது ஆறாவதோ ஏழாவதோ.

"போவாதுங்களா?"

"போவாது அம்மணி."

"சரிங்க" என்றாள். அந்த வார்த்தையை அவள் எவ்வளவு சுருக்கமாகச் சொன்னாள் என்பதை எழுத்தில் கொண்டுவர எனக்குத் தெரியவில்லை.

நான் வேறொன்றையும் கவனிக்கத் தொடங்கியிருந்தேன். முதல் நாள் "இல்லீங்க" என்பது சட்டென்று வந்தது. நாளாக ஆக, யோசித்து வந்தது. பிறகு என் முகத்தைப் பார்த்து, "இதாங்களா இருக்கும்?" என்று என்னையே கேட்க ஆரம்பித்தாள். நான் நகர்த்திய ஒவ்வொரு மூக்கும் அவளுக்குள் இருந்த மூக்கின்மேல் போய் விழுந்துகொண்டிருந்தது. நாங்கள் இரண்டு பேரும் சேர்ந்து தேடுகிறோம் என்று நினைத்தேன். நான் அழித்துக்கொண்டிருந்தேன். அதைக் கண்டபிறகும் நிறுத்தவில்லை. இன்னும் ஒரே ஒரு தடவை, இதோ கிடைத்துவிடும் என்று, சூதாடுகிறவள் மாதிரி மவுஸை இழுத்துக்கொண்டிருந்தேன்.

"ஒருக்கா உங்க மாமியாரக் கேட்டா?" என்றேன்.

"அந்தம்மா என்ன 'நீ வந்த நேரம்'னு சொன்னவங்க. அந்த ஊட்டுப் படிய நான் மிதிக்க மாட்டனுங்க."

மிதிக்கத் தேவையில்லாமல் போயிற்று. புது வண்டியின் பூசைக்கு மல்லசமுத்திரத்தில் கோயில் முன்னால் நிறுத்தியிருக்கிறார்கள். முகப்பில் முருகேசன். அந்த வழியாகப் போன பாவாயி அம்மா, முருகேசனின் தாய், நின்று பார்த்துவிட்டு, இது எந்தக் கடையில் போட்டது என்று விசாரித்துக்கொண்டு நேராகத் திருச்செங்கோட்டுக்குப் பஸ் ஏறிவிட்டார். கடைக்குள் அவர் வந்தபோது பூங்கொடி என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தாள். எழுந்து சுவரோரம் போனாள். அவர் அவளைப் பார்க்கவில்லை, அல்லது பார்க்காத மாதிரி இருந்துகொண்டார்.

"வண்டில மொகம் போட்டது ஆரு சாமி?"

"நாந்தாங்கம்மா."

"நல்லா எழுதிருக்கற. ராசாவாட்டம் இருக்கறான். ஆனா புருவத்துல வெட்டு எங்க?"

எனக்குப் புரியவில்லை.

"இங்க." தன் இடப்புருவத்தின் வால்மேல் விரலை வைத்தார். "அஞ்சு வயசுல சோத்த இறைச்சான்னு கரண்டிய வீசிட்டேன். பொளந்துக்கிச்சு. அப்புறம் அந்த எடத்துல மசுரே மொளைக்கல. அது இல்லாம அவன் எப்படி அவனாவான்?"

சுவரோரத்திலிருந்து ஒரு சத்தம் வந்தது. பூங்கொடி வாயைப் பொத்திக்கொண்டிருந்தாள்.

"அந்த எடம் திறந்துதாங்கம்மா இருந்துச்சு" என்றேன். "மடிப்புன்னு நெனச்சு நாந்தான் மூடிட்டேன். மிஷின் எடுத்த படத்தையும் நாந்தான் அழிச்சேன். இந்தப் புள்ளகிட்டப் பொய் சொன்னேன்."

அர்த்தனாரி அண்ணன் தரையைப் பார்த்துக்கொண்டு, "அழிக்கச் சொல்லி வெச்சிருந்தது நானு" என்றார்.

பாவாயி அம்மா என்னைத் திட்டுவார் என்று காத்திருந்தேன். அவர் திரைக்கு அருகே வந்து, மூடியிருந்த புருவத்தைக் கண்ணாடிமேல் விரலால் தொட்டார். "எத்தன வருசம் வெளக்கெண்ண வெச்சுத் தேச்சிருப்பேன், இது மூடட்டும்னு" என்றார். "நீ ஒரே நாள்ல மூடிட்ட, போ."

இரண்டு புள்ளி வைத்து, கோட்டை உடைத்தேன். உடைத்ததும் புருவத்திலிருந்த கறுப்பு முழுக்க வடிந்துவிட்டது. திறந்த கோட்டில் நிறம் நிற்காதே. அந்தத் துண்டைத் தனியாக மூடினேன், இந்தத் துண்டைத் தனியாக மூடினேன். ஒரு புருவம் இரண்டாயிற்று. நடுவே ஒரு நெல் அகலத்துக்கு வெறுந்தோல். சாவியை அழுத்தினேன்.

நெற்றி வந்தது. புருவம் வந்தது. பாவாயி அம்மா அங்கேயே உடைந்துவிட்டார். "சாமி, எஞ்சாமி" என்று மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்தார். மீதி முகம் வருகிறவரை அவருக்குக் காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. பூங்கொடி காத்திருந்தாள். கண் வந்தது, மூக்கு வந்தது, மீசை, உதடு, முகவாய். எல்லாம் வந்து முடிந்தபிறகும் பார்த்துக்கொண்டே இருந்தாள். அந்த மூக்கும் உதடும் பத்து நாளாக நானும் அவளும் இழுத்து இழுத்து எங்கேயோ கொண்டுபோய் நிறுத்தியவை. முதல் நாள் ட்ரேஸ் செய்தவை இல்லை. அதே பெயரில் அதே கோப்பின்மேல் சேமித்துச் சேமித்து, அந்த முதல் நாள் முகமும் எங்களிடம் இல்லை.

"வண்டில ஒட்டுனது இருக்குது அம்மணி" என்றேன் அவசரமாக. "அதப் பாத்து மூக்கையும் வாயையும் சரி பண்ணிரலாம். வெட்டு எங்கன்னுதான் இப்பத் தெரிஞ்சு போச்சே."

அண்ணன் அவளுக்குத் தண்ணீர் கொண்டுவந்து வைத்தார். நாற்காலிக்குப் பின்னால் நிற்கிறவர், முதல் தடவையாக முன்னால் வந்து நின்று ஒருவரிடம் பேசினார். "தப்பு எங்களுதும்மா. எத்தன நாளானாலுஞ் செரி, உக்காந்து பண்ணிக் குடுத்தர்றோம்."

பூங்கொடி தண்ணீரைக் குடித்தாள். மாமியார் அருகே குனிந்து, அவர் கையில் தம்ளரைக் கொடுத்தாள். அவர் வாங்கிக்கொண்டார். பிறகு திரையைத் திரும்பிப் பார்த்தாள்.

"அந்த வெட்டு இப்ப ஞாவகம் வந்துருச்சுங்கக்கா. வெரல வெச்சுத் தடவுனதெல்லாம் வந்துருச்சு. சுத்தியும் இருந்த மொகந்தான் வர மாட்டேங்குது."

"நீங்க எப்படிம்மா அந்த வெட்ட மறந்து..." என்று கேட்கத் தொடங்கி நிறுத்தினேன்.

"நா என்னங்க அவரப் புள்ளி புள்ளியாவா பாத்தேன்?"

அந்தப் படத்தையே அச்செடுக்கச் சொன்னாள். எடுத்துக் கொடுத்தேன். சுருட்டி, ரப்பர் போட்டு, சுருளைப் பாவாயி அம்மா கையில் கொடுத்துவிட்டு, அட்டைப் பெட்டியில் தூங்கிக்கொண்டிருந்த குழந்தையை அள்ளித் தோளில் போட்டுக்கொண்டாள். நான் வாசற்படி வரைக்கும் கூடவே போனேன்.

"வெள்ளிக்கிழம வாங்க அம்மணி. அதுக்குள்ள வண்டியப் பாத்து வரஞ்சு வெச்சர்றேன். நெசமான மொகம் வந்துரும்."

படியிறங்கியவள் வெயிலில் நின்று திரும்பினாள்.

"வேண்டாங்கக்கா. இன்னொருக்கா மாத்துனா, நா யார அவருன்னு நெனச்சுக்கறது? இனி எனக்கு இவருதானுங்க. போயிட்டு வாரேனுங்க."